உறைமேல் யார் முகம்?

1970 அக்டோபரில் பிரிட்டனின் இசைத்தட்டுக் கடைகளில் ஒரு பசு வந்து நின்றது. பிங்க் ஃபிளாய்டு குழுவின் ‘ஆட்டம் ஹார்ட் மதர்’ ஆல்பத்தின் உறை அது. புல்வெளியில் நின்றபடி கழுத்தைத் திருப்பி நம்மைப் பார்க்கும் ஒரு பசு, அவ்வளவுதான். குழுவின் பெயர் கிடையாது, ஆல்பத்தின் பெயர் கிடையாது, பாடியவர் வாசித்தவர் யாருடைய முகமும் கிடையாது. ஆப்ரி பவலுடன் சேர்ந்து ஹிப்னாசிஸ் என்ற வடிவமைப்புக் கூடத்தை நடத்திவந்த ஸ்டார்ம் தார்கர்சன், லண்டனுக்கு வடக்கே பாட்டர்ஸ் பார் பக்கம் போய் எடுத்துவந்த படம். வெளியிட்ட இஎம்ஐ நிறுவனத்தில் இதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்கள். ஆனால் பிங்க் ஃபிளாய்டு ஆல்பங்களில் பிரிட்டன் விற்பனைப் பட்டியலின் முதலிடத்துக்குப் போன முதல் ஆல்பம் அதுதான்.

வடிவமைப்பு வரலாறு எழுதுகிறவர்களுக்கு இந்தப் பசு செல்லப்பிள்ளை. மரபை மீறுவது எப்படி என்று மாணவர்களுக்குச் சொல்லித்தரும்போது முதலில் எடுத்துக் காட்டுவது இதைத்தான். இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய இன்னொரு உறை இருக்கிறது. அதிலும் பாடகர், வாத்தியக்காரர் முகம் கிடையாது. 1957-ல் அமெரிக்காவில் கொலம்பியா நிறுவனம் வெளியிட்ட ‘மைல்ஸ் அஹெட்’. இசை மைல்ஸ் டேவிஸ் என்ற கறுப்பினக் கலைஞருடையது. உறையிலோ, பாய்மரப் படகில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணும் குழந்தையும். டேவிஸ் கோபப்பட்டு, அந்த வெள்ளைக்காரி எதற்கு என்று நிறுவனத்தைக் கேட்டார். பிறகு வந்த பதிப்புகளில் அவர் டிரம்பெட் வாசிக்கும் படம் ஏறியது. 1961-ல் வந்த ‘சம்டே மை பிரின்ஸ் வில் கம்’ உறையில் தன் மனைவி ஃபிரான்சிஸ் டெய்லரின் படத்தைத்தான் போட வேண்டும் என்று பிடிவாதமாக நின்று போடவைத்தார்.

டேவிஸுக்கு நேர்ந்தது தனிக்கதை இல்லை. 1965-ல் வந்த ஓடிஸ் ரெடிங்கின் ‘ஓடிஸ் புளூ’ உறையில் பொன்னிறக் கூந்தலுடன் ஒரு வெள்ளைப் பெண். அடுத்த ஆண்டு ஐஸ்லி பிரதர்ஸ் குழுவின் ‘திஸ் ஓல்ட் ஹார்ட் ஆஃப் மைன்’ உறையில் கடற்கரையில் ஒரு வெள்ளைக் காதல் ஜோடி. இத்தனைக்கும் அதை வெளியிட்ட மோட்டவுன், பெரி கோர்டி என்ற கறுப்பினத்தவர் தொடங்கி நடத்திய நிறுவனம். வெள்ளையர் வீட்டு வரவேற்பறையில் அந்த உறை இருக்க வேண்டும் என்றால் அதில் கறுப்பு முகம் இருக்கக் கூடாது என்பது வியாபாரக் கணக்கு. அந்தக் கணக்குக்கு முதலாளியின் நிறம் ஒரு பொருட்டாக இல்லை.

பசுவின் உறைக்கும் படகின் உறைக்கும் நடுவே பதின்மூன்று ஆண்டுகள்தான் இடைவெளி. இரண்டிலும் கலைஞரின் முகம் இல்லை. ஒன்றை மரபுமீறல் என்று கொண்டாடுகிறோம், இன்னொன்றை அநீதி என்கிறோம். இரண்டும் சரியான தீர்ப்புகளே. ஆனால் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஒன்று விளங்கும். ஆல்பம் உறைக்கும் மியூசிக் வீடியோவுக்கும் எத்தனையோ மரபுகள் உண்டு. அவற்றில் முதன்மையானதும் காசு அதிகம் புரள்வதும் கலைஞரின் முகம். அதை எடுத்துவிடுவது, முகம் ஏற்கெனவே ஊருக்குத் தெரிந்தவர்களால் செய்யக்கூடிய மீறல். முகமே காட்டப்படாதவர்களுக்கு, எல்லோரையும்போல அட்டை நடுவில் நேராகப் பார்த்து நிற்பதே மீறல். மரபு ஒன்றுதான்; அதை யார் உடைக்கிறார் என்பதைப் பொறுத்து அந்த உடைப்பின் பொருள் தலைகீழாகிவிடுகிறது.

உறை என்பதே வெற்று அட்டையாக இருந்த காலம் உண்டு. 78 சுழற்சித் தட்டுகள் நாலைந்தைப் புத்தகம்போல் கட்டி, பழுப்பு அட்டை போட்டு, முதுகில் பெயர் அச்சடித்து அலமாரியில் செருகிவிடுவார்கள். 1939-ல் கொலம்பியாவில் வேலைக்குச் சேர்ந்த அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் என்ற இருபத்திச் சொச்சம் வயது இளைஞர்தான் அதில் படம் போடலாம் என்று சொல்லிச் செய்து காட்டியவர். அவருடைய முதல் உறையில் முகம் கிடையாது. ராட்ஜர்ஸ், ஹார்ட் இருவரின் பாடல்களுக்காக நியூயார்க் நாடக அரங்கு ஒன்றின் முகப்பு விளக்குப் பலகையில் அவர்கள் பெயரை எழுதவைத்துப் படம்பிடித்தார். அதன்பிறகு அவர் போட்டவையும் பெரும்பாலும் வரைபடங்கள், சின்னங்கள், எழுத்துகள். முகம் உறையைப் பிடித்துக்கொண்டது பின்னால்தான். நீள்தட்டு வந்து, வண்ணப் புகைப்படம் மலிந்து, வானொலியில் கேட்ட குரலைக் கடையில் அடையாளம் கண்டு வாங்க வேண்டிய தேவை வந்தபோது, முப்பது சென்டிமீட்டர் சதுரத்தில் சிரிக்கும் முகம் தொழில் வழக்கம் ஆயிற்று. ஆதியிலிருந்தே இருப்பதுபோலத் தோன்றும் இந்த மரபுக்கு வயது அதிகமில்லை.

மரபு ஊன்றியதும் மீறலும் தொடங்கிவிட்டது. 1968-ல் பீட்டில்ஸ் குழுவின் இரட்டைத் தட்டுக்கு ஓவியர் ரிச்சர்ட் ஹாமில்டன் வெறும் வெள்ளை உறை கொடுத்தார். குழுவின் பெயர் மை இல்லாமல் தாளில் புடைப்பாக மட்டும். ஒவ்வொரு பிரதிக்கும் ஒரு வரிசை எண். அச்சுக்கூடத்திலிருந்து லட்சக்கணக்கில் வரும் பண்டத்துக்கு, எண்ணிப் போடும் ஓவிய அச்சுபோல எண் இடுவது நல்ல நையாண்டி. ஆனால் உறையைத் திறந்தால் உள்ளே என்ன இருந்தது? நால்வரின் வண்ணப் படங்கள், ஆளுக்கொன்றாக, சுவரில் ஒட்டத் தோதாக நாலு தாள்கள். கூடவே ஒரு பெரிய சுவரொட்டி. வெளியே எடுத்ததை உள்ளே நாலு மடங்காகத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ‘வெள்ளை ஆல்பம்’ பற்றிய புகழ்ச்சிகளில் இந்த நாலு தாள்களுக்கு ஒரு வரிதான் கிடைக்கும். எனக்கு உறையைவிட அவைதான் முக்கியமாகப் படுகின்றன.

இதே பேரத்தை 1975-ல் இன்னும் நுணுக்கமாகப் பார்க்கலாம். பிங்க் ஃபிளாய்டின் ‘விஷ் யூ வேர் ஹியர்’ கடைக்கு வந்தபோது உறையே கண்ணுக்குத் தெரியவில்லை. ஊடுருவிப் பார்க்க முடியாத கறுப்பு பிளாஸ்டிக்கில் சுற்றி வைத்திருந்தார்கள். இல்லாமை பற்றிய பாடல்கள், அதனால் உறையும் இல்லாமல் இருக்கட்டும் என்பது தார்கர்சனின் எண்ணம். நிறுவனம் சும்மா விடுமா? பிளாஸ்டிக்கின் மேல் ஒரு வட்ட ஸ்டிக்கர் ஏறியது: இரண்டு இயந்திரக் கைகள் குலுக்கிக்கொள்ளும் படம், கூடவே குழுவின் பெயரும் ஆல்பத்தின் பெயரும். மீறல் பிளாஸ்டிக்குக்கு உள்ளே, வியாபாரம் ஸ்டிக்கரில். இரண்டையும் வரைந்து கொடுத்தது ஒரே தரப்பு என்பதுதான் இதில் சுவை. கறுப்பு மூட்டைக்குள் இருப்பது யாருடையது என்று அந்த ஆண்டில் யாரும் கேட்டிருக்கப் போவதில்லை. பிங்க் ஃபிளாய்டு என்ற பெயருக்கு அந்தக் கனம் அப்போது இருந்தது.

லெட் செப்பலின் 1971-ல் பெயரே இல்லாமல் வெளியிட்ட நான்காவது ஆல்பமும் அப்படித்தான். தொழில் தற்கொலை என்று எச்சரித்தார்கள். அமெரிக்காவில் மட்டும் 2 கோடிக்கு மேல் போயிற்று. மூன்று ஆல்பங்களால் பெயர் எடுத்த பிறகு நான்காவதற்குப் பெயர் வேண்டியிருக்கவில்லை. முதல் ஆல்பத்திலேயே இதைச் செய்து பிழைத்த குழுவை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

மான்செஸ்டரின் ஃபேக்டரி நிறுவனத்துக்காக பீட்டர் சாவில் செய்த உறைகள் இந்த வாதத்துக்குச் சற்று இடறல் தருபவை என்பதையும் சொல்ல வேண்டும். 1983-ல் நியூ ஆர்டர் குழுவின் ‘புளூ மண்டே’ தட்டுக்கு அவர் கணினியின் ஃபிளாப்பி வட்டு மாதிரி துளைகள் வெட்டிய உறை செய்தார். பெயர் எழுத்தில் இல்லை, ஓரமாக ஓடும் வண்ணக் கட்டங்களில் இருந்தது. அதே ஆண்டு வந்த ஆல்பத்தில் ஃபான்டான் லாத்தூர் என்ற 19-ஆம் நூற்றாண்டு ஓவியரின் ரோஜாக் கூடையை முன்னால் போட்டு, வண்ணக் குறிகளைப் படிப்பதற்கான சக்கரத்தைப் பின்னட்டையில் வைத்தார். இந்தக் குழு அப்போது உலகப் புகழ் பெற்றதில்லை. ஆனால் ஃபேக்டரி வழக்கமான நிறுவனமும் இல்லை; லாபத்தைப் பற்றிக் கவலைப்படாத சிறு கூட்டம் அது. முகத்தைக் கேட்க அங்கே யாரும் இல்லை. 1985-ல் ‘லோ-லைஃப்’ ஆல்பத்துக்கு சாவில் கடைசியில் முகங்களைப் போட்டார். எப்படிப் போட்டார் என்பதைக் கவனியுங்கள்: முன்னட்டையில் பாடகர் பெர்னார்ட் சம்னர் இல்லை, டிரம்ஸ் வாசித்த ஸ்டீஃபன் மாரிஸ். அவர் முகத்தின் மேல் டிரேசிங் தாள் சுற்றி, குழுவின் பெயரை அந்தத் தாளில் அச்சடித்தார். மரபு சொன்னபடி முகமும் பெயரும் இருந்தன. ஆனால் பார்த்தால் தப்பான முகம், கழற்றினால் பெயரில்லாத முகம். முகத்தை எடுத்துவிடுவதைவிட, அதை இப்படி இடம் மாற்றி வைப்பது எனக்குக் கெட்டிக்காரத்தனமாகத் தெரிகிறது.

வீடியோ வந்ததும் இந்தப் பேரத்தில் நிறுவனத்தின் கை ஓங்கியது. குவீன் குழுவின் ‘பொஹீமியன் ராப்சடி’க்கு 1975-ல் புரூஸ் கவர்ஸ் எடுத்த படம் இருளில் வைரவடிவில் நாலு முகங்களோடு தொடங்கும். அது அதே குழுவின் இரண்டாம் ஆல்பத்துக்கு மிக் ராக் 1974-ல் எடுத்த உறைப் படமேதான். உறை அசையத் தொடங்கியது, அவ்வளவே. 1981 ஆகஸ்ட் 1-ல் எம்டிவி தொடங்கிய பிறகு, பாட்டுக்குப் படம் என்பது விளம்பரச் செலவுக் கணக்கில் கட்டாயமாயிற்று. 1992-ல் ஆண்ட்ரூ குட்வின் மியூசிக் வீடியோ பற்றி எழுதிய நூலின் சாரத்தை பிரிட்டனில் பள்ளி ஊடகப் பாடத்தில் இன்றும் சொல்லிக்கொடுக்கிறார்கள். அதில் ஒரு கூறு, கலைஞரின் க்ளோசப் நிறைய வேண்டும் என்ற இசை நிறுவனங்களின் வற்புறுத்தல்.

க்ளோசப்பா, யாருடைய க்ளோசப்? 1983-ல் டேவிட் போவியைப் பேட்டி எடுக்க வந்த எம்டிவி தொகுப்பாளர் மார்க் குட்மேனிடம், உங்கள் அலைவரிசையில் கறுப்பினக் கலைஞர்கள் ஏன் இவ்வளவு குறைவு என்று போவியே திருப்பிக் கேட்டார். குட்மேன் தடுமாறிச் சொன்ன விளக்கம் சிறு ஊர்களின் ரசனையைக் காரணம் காட்டியது. அந்த மார்ச்சில்தான் மைக்கேல் ஜாக்சனின் ‘பில்லி ஜீன்’ எம்டிவியில் ஓடத் தொடங்கியது. ஜாக்சனின் நிறுவனம் மிரட்டித்தான் ஓடவைத்தது என்ற கதை பரவலாக உண்டு, எம்டிவிக்காரர்கள் அதை மறுத்தார்கள். அதே டிசம்பரில் ஜான் லாண்டிஸ் இயக்கிய ‘திரில்லர்’ வந்தது. பதினான்கு நிமிடப் படம். அதில் ரிக் பேக்கரின் ஒப்பனையில் ஜாக்சன் முதலில் மிருகமாகிறார், பிறகு பிணமாகிறார். ஆண்டின் தொடக்கத்தில் திரையில் இடம் கிடைக்காத நிறத்து முகம், ஆண்டு முடிவதற்குள் தன்னைத் தானே சிதைத்துக் காட்டும் அளவுக்குப் பிரபலம். இந்த வரிசை மாறியிருக்க வழியில்லை. முதலில் முகம் நிலைபெற வேண்டியிருந்தது, பிறகுதான் அதைக் குலைத்து விளையாட முடிந்தது.

முகத்தைத் தரவே மாட்டேன் என்று வெளிப்படையாக மறுத்தவர்களும் இருந்தார்கள். மினியாபோலிஸ் நகரத்து ரிப்ளேஸ்மென்ட்ஸ் குழுவின் 1985 வீடியோ ஒன்றில் கறுப்பு வெள்ளையில் ஒரு ஸ்பீக்கர் பெட்டி பாட்டு முழுக்க நிற்கும். யாரோ ஒருவர் சோபாவில் சிகரெட் பிடிப்பார். கடைசியில் பெட்டியை எட்டி உதைத்துவிட்டுப் போவார். அருமையான முரண்டு. அந்தக் குழு கடைசிவரை பெரிய அளவில் விற்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். முகம் தெரியாத நிலையில் முகத்தை மறைத்தவர்கள் கொடுத்த விலை அது.

இதற்கு நேர் எதிர்வழி ஷினேட் ஓ’கானருடையது. இன்னும் பெண்மையாகத் தோற்றமளிக்கச் சொல்லி நிறுவன அதிகாரி அறிவுறுத்தியதும் போய்த் தலையை மழித்துக்கொண்டதாக அவரே சொல்லியிருக்கிறார். 1987-ல் வந்த முதல் ஆல்பத்தின் உறையை அட்லான்டிக்கின் இரு கரைகளிலும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். பிரிட்டன் பதிப்பில் வாயைத் திறந்து கத்துவதுபோல் இருக்கிறார். அமெரிக்கப் பதிப்பில் வாய் மூடி, பார்வை தாழ்ந்து, அடக்கமாக இருக்கிறார். ஒரே பெண், ஒரே மொட்டைத் தலை. வாய் திறந்திருக்கலாமா என்பதுதான் வியாபாரப் பிரச்சினை. மூன்றாண்டு கழித்து ‘நத்திங் கம்பேர்ஸ் டு யூ’ பாட்டுக்கு ஜான் மேபரி எடுத்த வீடியோவில் நிறுவனம் கேட்டதை அப்படியே கொடுத்தார்கள்: கறுப்புப் பின்னணியில் முகம், முகம், மறுபடி முகம். க்ளோசப் மரபை இவ்வளவு பணிவாகப் பின்பற்றிய வீடியோ வேறு கிடையாது எனலாம். ஆனால் மற்ற வீடியோக்களில் க்ளோசப் நாலு வினாடி வந்து போகும், முகம் ரசிக்கப்படும் பொருளாக இருக்கும். இங்கே அது கிட்டத்தட்டப் போகவே இல்லை. ஒரு கட்டத்தில் கண்ணீர் வழிகிறது. பார்ப்பவர் ரசிப்பதை விட்டுவிட்டுச் சங்கடப்படத் தொடங்குகிறார். 1990-ல் எம்டிவியின் ஆண்டுச் சிறந்த வீடியோ விருது அதற்குக் கிடைத்தது. பெண் கலைஞர் ஒருவருக்கு அந்த விருது கிடைத்தது அதுவே முதல் முறை. மரபைக் கடைசி எல்லைவரை கடைப்பிடித்தால் அது தானாக முறியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

பிற்காலத்து மறைப்புகளை வேகமாகக் கடந்துவிடலாம், அவற்றின் விதி ஒன்றேதான். 2013-ல் டேவிட் போவியின் ‘த நெக்ஸ்ட் டே’ உறைக்காக ஜோனதன் பார்ன்புரூக் 1977-ன் ‘ஹீரோஸ்’ உறையை எடுத்து, போவியின் முகத்தின் மேல் வெள்ளைச் சதுரம் ஒட்டினார். சதுரத்துக்கு அடியில் இருக்கும் முகம் நமக்கு மனப்பாடம் என்பதால்தான் அது வேலை செய்கிறது. அதே டிசம்பரில் பியான்சே முன்னறிவிப்பு, விளம்பரம் எதுவுமின்றி 14 பாடல்களையும் 17 வீடியோக்களையும் ஒரே இரவில் வெளியிட்டார். உறையில் கறுப்புப் பின்னணியில் இளஞ்சிவப்பு எழுத்து மட்டும். மூன்று நாளில் 8 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றன. 2014-ல் சியா தன் ‘ஷாண்டலியர்’ வீடியோவில் 11 வயது மேடி ஜீக்லரை ஆடவிட்டு, தன் முகத்துக்குப் பதில் ஒரு பொய்முடியை ஆல்பம் உறையில் வைத்தார். புகழின் தொல்லையிலிருந்து தப்பிக்க என்றார். கொஞ்ச நாளில் அந்தப் பொய்முடியே முகத்தைவிடப் பெரிய வணிகச் சின்னமாயிற்று.

இந்த இடத்தில் மாதங்கி அருள்பிரகாசத்தை, உலகம் அறிந்த பெயரில் எம்.ஐ.ஏ.வை, நிறுத்திப் பார்ப்பது பொருத்தம். லண்டனில் பிறந்து, குழந்தைப் பருவத்தில் இலங்கையில் வளர்ந்து, அகதியாக லண்டன் திரும்பி, சென்ட்ரல் செயின்ட் மார்டின்ஸ் கலைக் கல்லூரியில் படித்தவர். 2010-ல் வந்த ‘மாயா’ ஆல்பத்தின் உறையில் யூடியூபின் ஓட்டப் பட்டைகள் அடுக்கடுக்காக அவர் முகத்தை மூடியிருக்கும். கண்கள் மட்டும் தப்பித் தெரியும். முகம் காட்டும் கருவியே முகத்தை மூடுகிறது. ஐந்தாண்டு கழித்துத் தானே இயக்கிய ‘பார்டர்ஸ்’ வீடியோவில் எதிர்த்திசையில் போனார். படகில் நெருக்கியடித்து நிற்கும், வேலியில் தொற்றி ஏறும் நூற்றுக்கணக்கான ஆண்கள். நடுவில் அவர், கேமராவை நேராகப் பார்த்தபடி. அகதிகளின் வலியைப் பின்புலமாக்கிக்கொண்டார் என்ற குறை எழுந்தது. குறையில் நியாயம் உண்டு, அந்த ஆண்கள் கூட்டமாகவே இருக்கிறார்கள், ஒருவர் முகமும் மனதில் நிற்பதில்லை. ஆனால் நடுவில் நிற்பவரும் அகதியாக வந்தவரே. நட்சத்திரம் நடுவில் நிற்கும் பழைய மரபை அவர் கைவிட்டிருந்தால் அந்தச் செய்தி காணாமல் போயிருக்கும்.

தமிழில் நிலைமை அடியோடு வேறு. இங்கே பாட்டுக்கும் முகத்துக்குமான உறவு மேற்கில் போல் ஒருபோதும் இருந்ததில்லை. தியாகராஜ பாகவதரும் கே.பி. சுந்தராம்பாளும் தாமே பாடி நடித்த காலத்தில் குரலும் முகமும் ஒன்று. பின்னணி பாடுவது நிலைத்ததும் முகம் நடிகருடையது, குரல் இன்னொருவருடையது என்று ஆயிற்று. இந்தியில் 1949-ல் ‘மகல்’ படத்துக்கு லதா மங்கேஷ்கர் பாடிய புகழ்பெற்ற பாட்டின் இசைத்தட்டில் பாடியவர் பெயராக அச்சானது கதாபாத்திரத்தின் பெயர்: காமினி. முகம் போகட்டும், பெயர்கூடக் கற்பனைப் பாத்திரத்துக்குப் போய்விட்டது. தமிழில் கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகங்களின் அட்டையிலும், இசைத்தட்டு உறையிலும், பின்னாளில் கேசட் தாளிலும் நடிகர் நடிகை படம்தான். கதைச்சுருக்கத்தைப் பாதியில் நிறுத்தி ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று போடுவார்களே, அந்தப் புத்தகத்தின் வேலையே ஆளைக் கொட்டகைக்குள் தள்ளுவது. பாடியவர் முகத்தால் டிக்கெட் விற்காது. ஆகவே மேற்கத்திய வடிவமைப்பாளர் முகத்தை எடுத்ததுபோல் இங்கே எடுத்தால் அது மீறலாகாது. பாடகரைப் பொறுத்தவரை அது நடைமுறையாக இருந்தது. ஏ.ஆர். ரகுமான் 1997-ல் ‘வந்தே மாதரம்’ ஆல்பத்தின் வீடியோவில் நீள்முடியும் தேசியக்கொடியுமாகத் தானே பாடிக்கொண்டு வந்தபோது அது ஏன் அவ்வளவு புதிதாக இருந்தது என்பதற்கு விளக்கம் இதுதான். ஐந்தாண்டுகளாக வீடுதோறும் ஒலித்த இசைக்காரரை அப்போதுதான் பலர் பாடும் ஆளாகப் பார்த்தார்கள்.

2011 நவம்பரில் ‘ஒய் திஸ் கொலவெறி டி’ வந்தது. அந்தப் பாட்டு இடம்பெறும் படத்தின் காட்சி ஒன்றுகூட வீடியோவில் இல்லை. ஒலிப்பதிவுக் கூடம், காதில் ஹெட்ஃபோன், கையில் பாட்டுத் தாள், சிரிப்பு. படத்துக்கு முன்னால் பாட்டை விற்கும் முறையையே மாற்றிய வீடியோ என்று அதைச் சொல்வது மிகையாகாது. ஆனால் மைக்குக்கு முன்னால் நின்ற பாடகர் தனுஷ். பக்கத்தில் ஸ்ருதி ஹாசன், படத்தின் இயக்குநர் ஐஸ்வர்யா. பின்னணிப் பாடகரை முன்னுக்குக் கொண்டுவந்த வீடியோ என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். நட்சத்திரத்தின் முகம் ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் நுழைந்த வீடியோ அது. அன்று அறிமுகமான இசையமைப்பாளர் அனிருத்துக்கு மட்டும் அதனால் ஒரு முகம் கிடைத்தது. அதற்குப் பிறகு வந்த லிரிக் வீடியோக்களைப் பாருங்கள். நாயகனின் ஸ்டில்கள், குதித்தோடும் எழுத்துகள், நடுநடுவே கூடத்தில் துள்ளும் இசையமைப்பாளர். பத்தாண்டுக்குள் மீறல் வாய்பாடாகிவிட்டது. எழுத்து திரையெங்கும் ஓடுகிறது, எழுதியவர் மூலையில் ஒரு வரியாக இருக்கிறார்.

2018 ஜனவரியில் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் மேடையேறிய ‘த கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு எல்லோருக்கும் ஒரே மாதிரி சாம்பல் நிறக் கோட்டு சூட்டு போட்டது. பாப் குழுக்கள் ஒரே உடுப்பில் நிற்பது அறுபதுகளிலேயே தேய்ந்துபோன வழக்கம். கானா பாடுகிறவர், பறை அடிக்கிறவர் அதே உடுப்பில் நிற்கும்போது அந்த வழக்கம் அம்பேத்கரின் உடையாகிறது. புதிதாக எதையும் கண்டுபிடிக்கத் தேவையில்லாமல், மற்றவர்கள் தேய்த்துப்போட்ட மரபை எடுத்து உடுத்திக்கொண்டார்கள். தமிழில் இசைக் காட்சி வடிவமைப்பில் நடந்த மிகக் கூர்மையான செயல் இது என்பது என் எண்ணம்.

அந்தக் குழுவிலிருந்து வந்தவர்தான் அறிவு. 2021 மார்ச்சில் ‘என்ஜாய் எஞ்சாமி’ வந்தது. எழுதியவர் அறிவு, பாடியவர்கள் தீயும் அறிவும், தயாரிப்பு சந்தோஷ் நாராயணன், வீடியோ இயக்கம் அமித் கிருஷ்ணன். தேயிலைத் தோட்டத்தில் உழைத்த அறிவின் பாட்டி உட்பட, மண்ணில் வேலை செய்து முதிர்ந்த முகங்களை அதில் பெருமிதமாகப் படம்பிடித்திருந்தார்கள். பாடலின் தலைப்பு வரியில் மட்டும் ‘தீ ஃபீச்சரிங் அறிவு’ என்று இருந்தது. உலக பாப் தொழிலில் சாதாரணமான சொல் வரிசை. விருந்தாளியாக வந்து ராப் பாடிவிட்டுப் போகிறவரை அப்படித்தான் குறிப்பிடுவார்கள். பாட்டை எழுதியவர் அந்த வரிசையில் விருந்தாளியாகிவிடுகிறார் என்பதை அப்போது அதிகம் பேர் பேசவில்லை.

பேசவைத்தது ஒரு பத்திரிகை அட்டை. அதே ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா தன் அட்டையில் தீயையும், கனடாவில் வாழும் ஈழத்தமிழ் ராப் பாடகர் ஷான் வின்சென்ட் டி பாலையும் போட்டது. அறிவிப்புக் குறிப்பு ‘என்ஜாய் எஞ்சாமி’, ‘நீயே ஒளி’ இரண்டின் வெற்றியைச் சொன்னது. இரண்டு பாட்டுகளையும் எழுதியவர் அட்டையில் இல்லை. இயக்குநர் பா. ரஞ்சித் ட்விட்டரில் கேள்வி எழுப்ப, விவாதம் பற்றிக்கொண்டது. இருவரும் மாஜா என்ற இசைத் தளத்தில் ஆல்பம் கொண்டுவரும் கலைஞர்கள், அதை முன்னிட்டு அட்டையில் வருவது தொழில் வழக்கம் என்று ஒரு பதில் உண்டு. வழக்கம்தான். ‘மைல்ஸ் அஹெட்’ உறையில் படகுக்காரி வந்ததும் வழக்கப்படியே. கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லாமலே ஒரு மரபு ஆளைத் துடைத்துவிடும்; அதற்கு மரபு வழக்கம்போல் இயங்கினாலே போதும். சில நாட்களில் அந்தப் பத்திரிகை அறிவைத் தனியே வைத்து ஒரு மின்வடிவ அட்டையை வெளியிட்டது. அடுத்த ஆண்டு சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அறிவு இல்லாமல் அதே பாட்டு மேடையேறியபோது, பாட்டு யாருடையது என்ற சண்டை மறுபடி பொதுவெளிக்கு வந்தது. பாட்டு உருவானதில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதில் சம்பந்தப்பட்ட மூவரும் மாறுபட்டே பேசினார்கள். அதைத் தீர்க்கும் வேலை என்னுடையதில்லை. ஆனால் அட்டை விஷயத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை: தவறு.

இன்று உறை கைப்பேசியில் ஒரு சென்டிமீட்டர் சதுரம். அந்த அளவில் டிரேசிங் தாளும் புடைப்பெழுத்தும் செல்லாது. மறுபடி முகம்தான் கண்ணில் படுகிறது. யூடியூபின் சிறுபடத்துக்கு நாயகன் முகத்தைப் பெரிதாக வெட்டி ஒட்டுவதற்கே தனியாக ஆள் இருக்கிறார்கள். அந்தச் சதுரத்தில் யாரை வைப்பது என்ற முடிவு முன்னெப்போதையும்விட இப்போது கனமானது.

கடைசியாக ஒன்று. ஸ்டைன்வைஸ், தார்கர்சன், சாவில் என்று இந்தக் கட்டுரையில் மேற்கத்திய வடிவமைப்பாளர்களின் பெயர்களைத் தாராளமாகச் சொல்ல முடிந்தது. தமிழ் இசைத்தட்டு உறைகளையும் கேசட் தாள்களையும் பாட்டுப் புத்தக அட்டைகளையும் வரைந்தவர்களில் ஒருவரைக்கூடச் சொல்லவில்லை. அவற்றில் பெரும்பாலும் அவர்கள் பெயர் அச்சாகவே இல்லை. வீட்டில் பழைய தட்டுகளும் கேசட்டுகளும் வைத்திருப்பவர்கள் அவற்றைப் பழைய பேப்பர்காரரிடம் போடும் முன் உறையின் நான்கு பக்கங்களையும் படம் எடுத்து, மூலையில் கையொப்பமோ அச்சக முகவரியோ இருந்தால் குறித்து, சென்னை ரோஜா முத்தையா நூலகம் போன்ற இடங்களுக்குத் தெரிவியுங்கள். அந்த ஓவியர்களோடு வேலை செய்தவர்கள் இன்னும் சிலர் நம்மிடையே இருக்கிறார்கள். கேட்டு எழுதிக்கொள்ள இதுவே கடைசி நேரம்.